கண் இமை, கண்குழி அறுவை சிகிச்சை: நோயாளிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண் ஆபரேஷன் என்றாலே கண்புரைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். இமை, கண்ணைச் சுற்றியுள்ள எலும்புக்குழி, கண்ணீர்ப் பாதை ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆக்குலோபிளாஸ்டி என்று பெயர். பெயரைக் கேட்டதும், "இது அழகுக்குச் செய்வதுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்டதாலேயே பார்வை குறைந்து வருபவர்களை வெளிநோயாளிப் பிரிவில் இன்றைக்கும் பார்க்கிறோம். அதனால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கவே கூடாது என்பதைத்தான் இங்கே கூடுதலாக எழுதியிருக்கிறோம்.

என் பையனுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கண்ணில் மேலிமை இறங்கியிருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பிறவியிலேயே இறங்கிய இமை தானாக ஏறாது. மேலிமையைத் தூக்கும் தசை கருவிலேயே சரியாக உருவாகாமல் நாரும் கொழுப்புமாக நின்றுவிட்டதால்தான் இமை இறங்கியிருக்கிறது. வயது கூடுவதால் அந்தத் தசை புதிதாக வலுப்பெறப் போவதில்லை.

பையனின் பார்வைதான் இங்கே பெரிய கவலை. பிறந்தது முதல் ஏழெட்டு வயது வரைக்கும்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் இமை கண்மணியை மறைத்திருந்தால் அந்தக் கண்ணிலிருந்து வரும் தகவலை மூளை ஒதுக்கிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். பிறகு இருபது வயதில் இமையை எவ்வளவு நேர்த்தியாகத் தூக்கி வைத்தாலும் போன பார்வை திரும்புவது கடினம். இமை கண்மணியை மறைக்காவிட்டாலும் அதன் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறி சிலிண்டர் பவர் வரலாம். அதனால் ஆபரேஷன் எப்போது என்று முடிவாகும் முன்பே குழந்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு பவர் பார்த்தாக வேண்டும். தேவைப்பட்டால் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடி வைக்கும் பேட்ச் பயிற்சியும் உடனே தொடங்க வேண்டும்.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். இமை இறங்கிய குழந்தை தாடையைத் தூக்கி அண்ணாந்து பார்த்தால், அந்தக் கண்ணையும் பயன்படுத்த முயல்கிறது என்று பொருள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று தாடையைத் தூக்குவதை நிறுத்திவிட்டால், "சரியாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள். அந்தக் கண்ணை அது கைவிடத் தொடங்கியிருக்கலாம். உடனே காட்டுங்கள்.

கண்மணி மறைந்திருந்தால் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்வோம். மறையவில்லை, பார்வையும் நன்றாக இருக்கிறது என்றால் 3 முதல் 5 வயதுக்குள், பள்ளிக்கூடத்தில் பழக ஆரம்பிக்கும் சமயத்தில் செய்துகொள்ளலாம்.

என்ன ஆபரேஷன் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ஒரு சாதாரண ஸ்கேலை வைத்துத்தான். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வோம். இல்லாவிட்டால் குழந்தை நெற்றியைச் சுருக்கி இமையைத் தூக்கிவிடும். பிறகு ஒரு பொம்மையைக் கீழே காட்டி அப்படியே மேலே கொண்டுபோவோம். கீழே பார்ப்பதிலிருந்து மேலே பார்ப்பது வரை இமை விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதுதான் கணக்கு. நன்றாக இருக்கும் இமை 12 மில்லிமீட்டருக்கு மேல் நகரும். ஓரளவு நகர்ந்தால், இருக்கும் தசையையே சுருக்கித் தைத்து இமையைத் தூக்கலாம். 4 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ என்றால் அந்தத் தசையை நம்பிப் பயனில்லை. மெல்லிய சிலிக்கான் கயிற்றாலோ தொடையிலிருந்து எடுக்கும் நார்ப்பட்டையாலோ இமையை நெற்றித் தசையோடு இணைத்துவிடுவோம். அதன் பிறகு புருவத்தை உயர்த்தும்போது இமையும் உயரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறது. பயமாக இருக்கிறதே?

நெற்றித் தசையோடு இணைத்த இமை முதல் சில மாதங்களுக்கு முழுதாக மூடாது. இதை எதிர்பார்த்துத்தான் செய்கிறோம். ஆனால் கருவிழி காய்ந்துவிடக் கூடாது. பகலில் சொட்டு மருந்து, தூங்கப் போகும்போது களிம்பு, இரண்டையும் ஒரு நாளும் விடாதீர்கள். கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தை அழுதால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் வந்துவிடுங்கள்.

பால் குடிக்கும்போது மட்டும் குழந்தையின் ஒரு இமை மேலே துள்ளுகிறது. வலிப்பா?

வலிப்பு இல்லை. தாடையை அசைக்கும் நரம்பின் ஒரு கிளை தவறி இமைத் தசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சிலருக்கு வளர்ந்த பிறகு அவ்வளவாகத் தெரியாது. பார்வையைச் சோதித்துவிட்டு, துள்ளல் அதிகமாக இருந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

எனக்கு 60 வயது. இமை சமீபத்தில்தான் இறங்க ஆரம்பித்தது. வயதுக்கோளாறுதானா?

பெரும்பாலும் அப்படித்தான். தசை நன்றாக இருக்கும். அதை இமையோடு பிணைக்கும் நார் மட்டும் தளர்ந்திருக்கும். பல வருடம் ஹார்ட் காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும், கண்புரை ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கும்கூட இப்படி ஆகலாம். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் இரண்டு விஷயங்களை விலக்கியாக வேண்டும்.

முதலாவது, ஓரிரு நாளில் திடீரென்று இமை விழுந்து, கடுமையான தலைவலியும், இரண்டிரண்டாகத் தெரிவதும், ஒரு பக்கக் கண்மணி விரிந்திருப்பதும் சேர்ந்திருந்தால் அது இமை நோயே இல்லை. மூளை ரத்தக்குழாய் ஒன்று வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். கண் கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்காராமல், ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இரண்டாவது, காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் ஆக ஆக இமை இறங்குவது. இது மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். மூடிய இமை மேல் 2 நிமிடம் ஐஸ் வைத்துப் பார்த்தால் இமை மேலே ஏறும். இந்த எளிய சோதனையே நல்ல துப்பு கொடுக்கும். இதற்கு மருந்துதான் வைத்தியம். கத்தியை எடுக்க அவசரப்படக் கூடாது.

இந்த இரண்டும் இல்லை என்றால் ஆபரேஷன் எளிது. பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத்தான் செய்வோம். அதற்குக் காரணம் இருக்கிறது. தையலை முடிச்சுப் போடும் முன் நோயாளியை மேஜையிலேயே எழுந்து உட்காரச் சொல்வோம். "நேரே பாருங்க, இப்ப கீழே, இப்ப மேலே" என்று இரண்டு இமையின் உயரத்தையும் ஒப்பிட்டு, அரை மில்லிமீட்டர் கூடுதல் குறைவு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்வோம். மயக்கத்தில் படுத்திருப்பவரிடம் இதைச் செய்ய முடியாது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: அதிகமாக இறங்கிய இமையைத் தூக்கிய பிறகு, இதுவரை நன்றாகத் தெரிந்த மறு இமை கொஞ்சம் இறங்கக்கூடும். இரண்டு இமைக்கும் மூளை ஒரே அளவு ஆணைதான் அனுப்புகிறது. ஒரு பக்கம் சிரமம் குறைந்ததும் ஆணையும் குறைந்துவிடும்.

இமை முடி உள்பக்கம் குத்துகிறது. மாதாமாதம் பிடுங்கிக்கொள்கிறேன். போதாதா?

பிடுங்கிய முடி நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி முளைக்கும். முளைக்கும்போது குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் முன்னைவிட மோசமாகக் குத்தும். முடி மட்டும் திசை மாறியிருக்கிறதா, இமை விளிம்பே உள்ளே சுருண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குக் கீழிமை தளர்ந்து உருளுவதுதான் அதிகம். அரை மணி, முக்கால் மணி நேர ஆபரேஷனில் இமையை இறுக்கிக் கட்டிவிடலாம். அதுவரை கீழிமையைக் கன்னத்தை நோக்கி இழுத்து பிளாஸ்டர் ஒட்டிவைத்தால் கருவிழியில் கீறல் விழாமல் தப்பிக்கலாம். ஒரு காலத்தில் ட்ரக்கோமா தொற்றின் தழும்பால் மேலிமை உள்ளே மடங்கியவர்கள் ஏராளம். அந்த நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலையை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. பழைய தழும்போடு வரும் பாட்டிகளை இன்னும் பார்க்கிறோம். அவர்களுக்கும் ஆபரேஷன் உண்டு, வயது ஒரு தடையில்லை.

இமை வெளிப்பக்கம் பிரிந்து தொங்கினாலும் இதே கதைதான். கண் ஓரத்தில் இமையைச் சற்றுக் குறைத்து எலும்போடு சேர்த்துத் தைப்போம்.

முகவாதம் வந்து ஒரு கண் மூடவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாகச் சரியாகும். அதுவரை கண்ணைக் காப்பதுதான் வேலை. பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுவது. கருவிழியில் உணர்ச்சியும் இல்லை என்றால் ஆபத்து பல மடங்கு, ஏனென்றால் புண் வந்தாலும் வலிக்காது. அப்போது இமைகளின் ஓரத்தைத் தற்காலிகமாகச் சேர்த்துத் தைத்துவிடுவோம். நரம்பு திரும்பவில்லை என்று உறுதியானால் மேலிமைக்குள் ஒரு கிராம் சொச்சம் எடையுள்ள சிறு தங்கத் தகட்டை வைக்கலாம். கண்ணை மூட நினைக்கும்போது அந்த எடையே இமையை இறக்கிவிடும். தொழுநோயால் இமை மூடாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சைகள் எல்லாம் பொருந்தும்.

அம்மாவுக்கு அதே இடத்தில் மூன்றாவது முறையாகக் கண் கட்டி. நாமக்கட்டி உரைத்துப் போடுகிறோம். போகவில்லை.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் வரும் கட்டி வேறு. இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்தால் கட்டி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு நாளைக்கு நாலு தடவை ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாவிட்டால் இமையின் உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்போம், வெளியே தழும்பு தெரியாது. நாமக்கட்டி வேண்டாம், அது காய்ந்து உதிர்ந்து கண்ணுக்குள் விழும்.

ஆனால் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல், அதே இடத்தில், எடுத்த பிறகும் திரும்ப வருகிறது என்றால் அதைப் புற்றுநோய் என்று சந்தேகித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்திருக்கிறதா, இமை தடித்திருக்கிறதா, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து எந்தச் சொட்டு மருந்துக்கும் கேட்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலை நாடுகளில் இமைப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் பேசல் செல் வகைதான், அது மெதுவாக வளரும், பரவுவது அபூர்வம். நம் நாட்டில் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் வகை அதற்கு இணையாகவே வருகிறது. இது நிணநீர்க் கட்டிகளுக்கும் அங்கிருந்து உடம்புக்கும் பரவக்கூடியது. சாதாரணக் கட்டி போலவே வேஷம் போடுவதால் பல மாதங்கள் வீணாகிவிடும். அதனால் திரும்பி வரும் எந்தக் கட்டியைச் சுரண்டினாலும், சுரண்டியதைத் தூக்கிப் போடாமல் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

புற்றுநோய் உறுதியானால் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சில மில்லிமீட்டர் சேர்த்தே எடுப்போம். ஓரத்தில் நோய் மிச்சமில்லை என்று ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வதும் உண்டு. காது முன்னாலும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்போம்.

இமையையே எடுத்துவிட்டால் கண்ணை எதை வைத்து மூடுவது?

கால் பங்கு வரை போனால் இரு ஓரத்தையும் இழுத்துத் தைத்தாலே போதும். வயதானவர்களுக்கு இமை தளர்வாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் போனாலும் சமாளிக்கலாம். மேலிமை முழுதும் போனால், கீழிமையின் விளிம்பைத் தொடாமல் அதற்குக் கீழிருந்து தோலையும் உள்சவ்வையும் கொண்டுவந்து மேலே தைப்போம். கட்லர், பியர்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1955இல் வெளியிட்ட முறை இது. அந்தப் பாலம் ரத்த ஓட்டம் பெற்று நிலைக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை அந்தக் கண் மூடியே இருக்கும். பிறகு இன்னொரு சிறிய ஆபரேஷனில் பாலத்தை வெட்டித் திறப்போம். மறு கண்ணில் பார்வை சரியில்லாதவருக்கு இந்த இரண்டு மாதம் பெரும் சிரமம். வீட்டில் துணைக்கு யார் இருப்பார்கள் என்று நாங்கள் முதலிலேயே கேட்பது அதனால்தான்.

தைராய்டு இருக்கிறது. கண் இரண்டும் முன்னால் பிதுங்கி வருகிறது. மாத்திரையில் போகாதா?

தைராய்டைத் தூண்டும் அதே எதிர்ப்புச் சக்திக் கோளாறு கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கிறது. கண்குழி ஏழு எலும்புகளால் ஆன, சுமார் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் பெட்டி. உள்ளே வீங்கினால் கண் முன்னால் வருவதைத் தவிர வழியில்லை. முன்னாலும் வர முடியாதவர்களுக்கு பார்வை நரம்பு நசுங்கும், அது இன்னும் மோசம். நிறங்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால், குறிப்பாகச் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், அன்றைக்கே வாருங்கள்.

நோய் கொதிக்கும் காலம் ஒன்று முதல் இரண்டு வருடம். அந்தக் காலத்தில் ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு, தைராய்டு அளவைச் சீராக வைப்பது, முக்கியமாக பீடி சிகரெட்டை விடுவது. புகைப்பவர்களுக்கு இந்த நோய் கடுமையாக வருகிறது, சிகிச்சையும் சரியாக வேலை செய்வதில்லை. எந்த மருந்தைவிடவும் இதைத்தான் நாங்கள் கெஞ்சிக் கேட்கிறோம். 2020இல் அமெரிக்காவில் டெப்ரோடுமுமாப் என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது. பிதுங்கலைக் குறைக்கிறது என்றாலும் விலை மிக அதிகம், சிலருக்குக் காது கேட்பதைப் பாதிக்கிறது, சர்க்கரையையும் ஏற்றுகிறது.

பார்வை நரம்பு நசுங்கினால் தவிர, நோய் அடங்கி சுமார் ஆறு மாதம் மாற்றமில்லாமல் இருந்த பிறகுதான் ஆபரேஷன். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கண்குழிச் சுவரில் எலும்பை எடுத்து இடம் உண்டாக்குவது, அடுத்து இரட்டைப் பார்வைக்கான தசை ஆபரேஷன், கடைசியில் இமை. முதல் கட்டத்தில் கண்ணின் நிலை மாறும், சிலருக்கு இரட்டைப் பார்வை புதிதாகவே வரலாம். இமையை முதலில் செய்துவிட்டால் அத்தனையும் மறுபடி செய்ய வேண்டி வரும். "இமையை மட்டும் முதல்ல சரி பண்ணுங்க டாக்டர், கல்யாணம் வருது" என்று கேட்பவர்களின் அவசரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் வரிசையை மாற்ற மாட்டோம்.

கிரிக்கெட் பந்து கண்ணில் பட்டது. பையன் வாந்தி எடுக்கிறான். ஆனால் கண் சிவக்கவே இல்லை.

உடனே வாருங்கள். கண்குழியின் தரை எலும்பு மிக மெல்லியது. குழந்தைகளின் எலும்பு வளையும் தன்மையுள்ளது, அடிபட்டதும் பொறிக்கதவு மாதிரித் திறந்து கண் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் ஏறாது, வாந்தி வரும், நாடித்துடிப்பு குறையும். வெளியே வீக்கமோ சிவப்போ அதிகம் இருக்காது. அதனால் தலையில் அடி என்று நினைத்துத் தலையை மட்டும் ஸ்கேன் எடுத்து அனுப்பிவிடுவதுண்டு. தசை செத்துவிடும் முன், ஓரிரு நாளுக்குள் விடுவிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதே எலும்பு முறிந்தால் பொதுவாக வீக்கம் வடியக் காத்திருந்து, இரண்டு வாரத்துக்குள் தேவையா என்று முடிவு செய்யலாம். அதுவரை மூக்கைச் சிந்தாதீர்கள், சைனஸ் காற்று கண்குழிக்குள் புகுந்துவிடும். கன்னமும் மேல் பல்லும் மரத்துப்போவது இதில் சகஜம், மெல்ல மெல்லத் திரும்பும்.

குழந்தையின் கண்ணில் எப்போதும் தண்ணீரும் பீளையும். தாய்ப்பால் விடலாமா?

விடவே கூடாது, கிருமி வளரும். கண்ணீர்ப் பாதையின் கீழ்முனை திறக்காததால் வருவது இது. நகத்தை வெட்டிக்கொண்டு, கண்ணின் உள் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி அழுத்தி நீவிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் திறந்துவிடும். திறக்காவிட்டால் மெல்லிய கம்பி விட்டுத் திறப்போம்.

பெரியவர்களுக்கு நீவினால் திறக்காது. கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பில் புது வழி செய்ய வேண்டும். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் செய்தால் வெளியே தழும்பு இருக்காது. கண்புரைக்கு முகாமில் வந்தவர்களை "டக்ட் அடைப்பு", அதாவது கண்ணீர்ப் பாதை அடைப்பு, என்று திருப்பி அனுப்புவதும் இதற்காகத்தான். பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால் கண்ணையே இழக்க நேரிடும்.

கரும்பூஞ்சை இப்போதும் வருகிறதா?

வருகிறது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, யாருக்கு வந்தாலும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக்கியபோது எல்லோரும் கேள்விப்பட்டோம். கொரோனா அலை ஓய்ந்த பிறகும் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கு அது வரக்கூடியதே. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, மூக்கிலோ மேல் அண்ணத்திலோ கறுப்பு, கண் வீங்கி இமை விழுவது ஆகியவை அறிகுறிகள். சில மணி நேரத்திலேயே பரவிவிடும். சைனஸைச் சுத்தம் செய்து பூஞ்சை மருந்தும் கொடுத்தால் பலருக்குக் கண்ணைக் காப்பாற்றலாம். முற்றிவிட்டால் உயிருக்காகக் கண்குழியில் உள்ள அனைத்தையும் எடுக்க வேண்டிவரும்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது, இமையில் வரும் ரத்தக்கட்டைவிட ஆபத்து. முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையணை இரண்டு வைத்துப் படுப்பது. தையல் ஐந்து முதல் ஏழு நாளில் பிரிக்கப்படும். கறுப்பும் நீலமுமாக இருப்பது இரண்டு வாரத்தில் மறையும். இமையின் இறுதி வடிவத்துக்கு இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். ஆனால் அன்றிரவே கடுமையான வலி, கண் கல் போல் இறுகுவது, பார்வை மங்குவது இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உள்ளே ரத்தம் கசிகிறது, ஆபரேஷன் செய்த இடத்தை நாங்கள் உடனே திறந்துவிட்டால் பார்வை பிழைக்கும்.

செலவு?

ஆபரேஷனைப் பொறுத்து மிகவும் மாறும். சென்னை எழும்பூரில் 1819 முதல் இயங்கும் அரசு கண் மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளில் இலவசம். தனியாரிடம் போனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி, உங்கள் ஆபரேஷன் அதில் அடங்குமா என்று தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

கண்ணையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை.

ஒப்பாதுதான். எதற்காக என்பதை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக மின்னும் விழித்திரைப் புற்றுநோயில், கண்ணைக் காக்க முடியாத கட்டத்தில் கண்ணை எடுப்பது உயிரைக் காக்கும். அந்த நேரத்தில் நாட்டு மருந்து என்று மூன்று மாதம் போனால் பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போய்விடலாம். பார்வை போய் வலி மட்டும் மிஞ்சிய கண் என்றால், வெளி ஓட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கவும் முடியும்.

எடுத்த இடத்தில் 18 முதல் 22 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றை வைத்துத் தசைகளை அதன்மேல் தைப்போம். சுமார் ஆறு வாரம் கழித்து மேலே செயற்கைக் கண். கடையில் கிடைக்கும் ரெடிமேட் கண்ணை வாங்காதீர்கள். அச்சு எடுத்து, மறு கண்ணைப் பார்த்து ரத்தநாளம் வரை வரைந்து செய்வதற்கும் அதற்கும் வித்தியாசம் பெரிது. முன்பெல்லாம் ஜெர்மனியின் லௌஷா ஊரிலிருந்து கண்ணாடிக் கண்கள் உலகம் முழுக்கப் போயின. இரண்டாம் உலகப் போரில் அது தடைபட்டபோதுதான் இன்றைய அக்ரிலிக் கண் பரவலானது. தினமும் கழற்றத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ், சுமார் ஐந்து வருடத்தில் புதியது.

ஒரு கண்ணோடு எப்படிச் சமாளிப்பது?

முதல் சில மாதம் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, படி இறங்குவது, எதிரே நீட்டிய கையைப் பிடிப்பது எல்லாம் தடுமாறும். ஊற்றும்போது குடத்தின் வாயைத் தம்ளர் விளிம்பில் தொட்டுக்கொள்ளுங்கள், படியில் கைப்பிடியைப் பிடியுங்கள். மூளை பழகிவிடும். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள். வெல்டிங், விறகு பிளப்பது, தேங்காய் உரிப்பது, பட்டாசு என்று எதுவானாலும் அதைப் போடாமல் பக்கத்தில் போகாதீர்கள்.